இலால்குடியில் ஒரு பெயர்ப்பலகை

முதலில் சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் பின்வருவது பிடிபடாது. இலால்குடிக் கடைவீதியில் சபாபதி பந்தல் கடை என்றொரு வாடகைக் கடை உண்டு. நாற்காலி, மேசை, சாமியானா, சமையல் அண்டா ஆகியவை அங்கே கிடைக்கும். கடை சபாபதியின் பெயரில் இருப்பினும், எந்தப் பொருள் எங்கே போயிருக்கிறது, எப்போது திரும்பும் என்பதை அறிந்தவள் அவர் மனைவி குமுதவல்லி. சில ஆண்டுகளுக்கு முன் அவள் பிடிவாதம் பிடித்து ஓர் ஐஸ் பெட்டி வாங்கினாள். இறந்தவரைக் கிடத்தி வைக்கும் குளிர்பெட்டி. பிறகு இறந்தவரை ஏற்றிச் செல்ல ஒரு வண்டியும் வந்தது. கல்யாணங்கள் மண்டபங்களுக்குப் போய்விட்டன. அங்கே நாற்காலி முதல் நாதஸ்வரம் வரை மண்டபத்தாரே தருகின்றனர். சாவுகள் மட்டும் இன்னும் வீட்டிலேயே நிகழ்கின்றன. ஆகவே பந்தல் தொழிலைச் சுருக்கிக்கொண்டு, இறுதிச் சடங்கு ஏற்பாடுகளையே தொழிலாகக் கொள்வதென்று முடிவாயிற்று. இதில் தகராறு இல்லை. தகராறு பலகையில் இருந்தது. 'அமைதிவழி' என்னும் கம்பெனி பெங்களூரில் இருந்துகொண்டு ஊர் ஊராகக் கிளை உரிமை கொடுக்கிறது. பெயர், வண்டியின் வண்ணம், ஆட்களின் சட்டை, தொலைபேசி எண் எல்லாம் அவர்களுடையவை. பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். அல்லது சொந்தப் பெயரில் தொடங்கலாம். சபாபதிக்கு முதலாவதே வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், கம்பெனியின் திருச்சி தில்லைநகர் அலுவலகத்துக்குக் கையெழுத்துப் போட வந்தவள் குமுதவல்லி. செவ்வாய்க்கிழமையில் ஒருவரும் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். இந்தத் தொழிலுக்கு அது பொருந்தாது என்று அவளே நாள் குறித்திருந்தாள். மேலாளர் கூட்டத்தில் இருக்கிறார், உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்திருந்ததுதான் கதை.

நாற்காலி நல்ல நாற்காலிதான், கைப்பிடி அகலம், முதுகுக்குச் சாய்வு, காலடியில் ரப்பர்கூட இருக்கிறது, ஆனால் அடுக்க முடியாது, ஒன்றின்மேல் ஒன்றை அடுக்க முடியாத நாற்காலியை வாங்கியவன் ஒருநாளும் அதைத் தூக்கியிருக்க மாட்டான் என்று அவள் நினைத்தாள். எங்கே போனாலும் நாற்காலியைப் பார்க்கும் வழக்கம் போகவில்லை, மருத்துவமனையிலும் அதைத்தான் பார்த்தாள், தன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தபோதும் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் கடன் வாங்கிப் போட்டிருந்த நாற்காலிகளைத்தான் பார்த்தாள். கடையில் சிவப்பு நாற்காலி கல்யாணத்துக்கு, நீலம் சாவுக்கு. எங்கும் எழுதி வைத்ததில்லை. ஊருக்கே தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பூவாளூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குச் சிவப்பு போதாமல் சபாபதி நீலத்தைக் கழுவித் துடைத்து ஏற்றிவிட்டார், மாப்பிள்ளையின் அத்தை உட்காரப் போனவள் பாதியிலேயே நிமிர்ந்துவிட்டாள், போன வாரம் எங்கள் சம்பந்தி செத்தபோது நான் உட்கார்ந்திருந்தது இதில்தான், கைப்பிடியில் சிகரெட் சுட்ட அதே புள்ளி என்றாள், அவ்வளவுதான், அந்தப் பக்கம் முழுவதும் எழுந்து நின்றது. கையைக் கூப்பிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டார் சபாபதி, பாத்திரக் கணக்குப் பார்க்க வந்திருந்த குமுதவல்லி மட்டும் ஒரு நீல நாற்காலியைப் பந்திக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இலையில் விழுந்த அனைத்தையும், பாயசம் உட்பட, சாப்பிட்டு எழுந்தாள். அன்று நிச்சயமான பெண்ணுக்கு இப்போது இரட்டைக் குழந்தைகள், இரண்டும் பள்ளிக்கூடம் போகின்றன, அந்த நாற்காலிகளால் என்ன ஆயிற்று, ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் அன்றைக்குப் பிறகு பூவாளூரிலிருந்து கல்யாணத்துக்கு ஓர் அழைப்புக்கூட வரவில்லை. சாவுக்கு வந்தது. அந்த அத்தை வீட்டிலிருந்தே வந்தது.

குளிர் காலடியிலிருந்து ஏறிற்று. இந்தக் கம்பெனிக்காரர்களுக்குக் குளிரின்மேல் என்ன ஆசையோ, உயிரோடிருப்பவரையும் கெட்டுப்போகாமல் வைத்திருக்கப் பார்க்கிறார்கள் போலும் என்று நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள், சிரிப்பு நெஞ்சிலேயே நின்றுவிட்டது, ஏனென்றால் குளிர் என்றதும் மாமியார் வந்துவிடுவாள்; சித்திரை வெயிலில் இறந்தாள், இளைய மகன் குவைத்திலிருந்து வர வேண்டும், ஐஸ் பெட்டி திருச்சியிலிருந்து வந்தது, கொண்டுவந்தவன் மாமியாரின் காலடியில் நின்றுகொண்டே, கூட ஒரு நாளென்றால் கூட ஒரு வாடகை என்று பேரம் பேசினான், அவள் குனிந்து கண்ணாடி வழியே பார்த்தபோது உட்புறத்தில் ஒரு சாமந்தி இதழ் ஒட்டியிருந்தது; அது மாமியாருக்குச் சாத்தியது அன்று, முந்தினவருக்குச் சாத்தியது. யாரோ ஒருவருடைய பூ. அழுகை வரவில்லை, கோபம் வந்தது, அந்தக் கோபத்தில்தான் பெட்டி வாங்கினாள். கம்பெனியில் அப்படி நடக்காது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும், பெட்டியைக் கழுவியபின் ஒட்டும் காகிதப்பட்டையை எடுத்துக் காட்டினார்கள், விலை அச்சடித்திருக்கிறது, பேரம் கிடையாது, ஆட்கள் குடித்துவிட்டு வர முடியாது, வந்தால் வேலை போய்விடும். இவையெல்லாம் அவளுக்குப் பிடித்திருந்தன, ஒழுங்கு எங்கே இருந்தாலும் அவளுக்குப் பிடிக்கும், அதனால்தான் வந்தாள், சபாபதி தள்ளியதால் மட்டும் வரவில்லை. அப்படித்தானே? தள்ளியதால் வந்தாளா? இல்லை. ஓரளவு. ஆனால் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று மூன்று வகுப்பு வைத்திருக்கிறார்களே, பிளாட்டினத்தில் வண்டிக்கு ரோஜா மாலை, படம் பிடிப்பவர் ஒருவர், வந்தவர்களுக்குக் குளிர்ந்த தண்ணீர்ப் புட்டி. செத்தவருக்கு என்ன வகுப்பு.

வண்டி நின்றுவிட்டால்? இந்த நினைப்பு காலையில் பேருந்திலும் வந்தது, வாளாடி தாண்டியபோது வந்தது, வேறு எதையோ நினைத்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே வந்து நின்றுகொள்கிறது. உள்ளே ஒருவரைக் கிடத்தியிருக்கும்போது, பின்னால் மகன்களும் மருமகன்களும் ஏறியிருக்கும்போது, நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் கம்பெனியிடம் வேறு வண்டி இருக்கும், அவளிடம் இருக்காது. தனியாக நிற்பவளுக்கு ஒரே வண்டி, ஒரே பெட்டி. இதற்குப் பதில் கிடைக்காதவரை மற்றதெல்லாம் வீம்பு. வீம்புதானோ? நம்ம பேரு வேண்டாம் குமுதா என்றார் சபாபதி, சொன்னபோது அவர் முகம் சாப்பாட்டுத் தட்டில் இருந்தது, கம்பெனி பேரு இருந்தா, யாராவது கேட்டா வேலைதான் பாக்குறோம்னு சொல்லிக்கலாம், அபிநயாவுக்கு ஒரு இடம் அமையுற வரைக்குமாவது. ஒப்பந்தத்தையும் தன் பெயரில் போட வேண்டாமென்றார். ஆக ஒப்பந்தத்தில் அவள் பெயர், பலகையில் கம்பெனியின் பெயர், சபாபதியின் பெயர் எங்கும் இல்லை. பந்தல் கடைப் பலகையில் இத்தனை காலம் அவர் பெயர் மட்டும் இருந்தது, அப்போது யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. மகள் அபிநயா மருத்துவமனையில் பிசியோதெரபி செய்கிறவள், எதற்கும் சிரிப்பவள், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தா காபியோட பிளாட்டினம் பேக்கேஜையும் காட்டும்மா, பெரியவங்க நாலு பேரு வருவாங்க, அட்வான்ஸ் புக்கிங் ஆகும் என்றாள், சபாபதி எழுந்து கைகழுவப் போய்விட்டார். சிரித்தாளே தவிர அவளுக்குள் என்ன இருக்கிறதென்று தாய்க்குத் தெரியவில்லை, கேட்கவில்லை, கேட்டால் சிரிக்காமல் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

இந்த வெட்கம் எங்கிருந்து வந்ததென்று குமுதவல்லிக்குத் தெரியும். ஒரு தெருவைச் சேர்ந்தவர்களையே தலைமுறை தலைமுறையாகப் பிணத்தின் முன்னால் பறையடிக்கவிட்டு, குழி வெட்டவிட்டு, எரிக்கவிட்டு, அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திச் சோறு போட்ட ஊர் அது. அந்த வேலையின் நிழல் பட்டால் அந்த வாசலுக்கு வெளியே போய்விடுவோம் என்னும் பயம்தான் அன்று சபாபதியின் வாய்வழியே தட்டைப் பார்த்துப் பேசியது. சட்டையில் கம்பெனியின் பெயரைத் தைத்துக்கொண்டால் கை சுத்தம், பெங்களூர்க்காரன் செய்தால் வியாபாரம், நாம் செய்தால் இழிவு. வாசலுக்கு உள்ளே வெளியே என்று கோடு கிழித்தவன் எவன், அவன் செத்தபோது அவனைத் தூக்கியவர் யார். இதை வீட்டில் வாய்விட்டுச் சொல்லவில்லை; சொல்லியிருக்க வேண்டும்; மனத்துக்குள் சொல்லும்போது மட்டும் வாக்கியங்கள் இப்படி முழுசாக வருகின்றன, சபாபதியின் எதிரே நின்றால் பாதியில், சரி விடுங்க என்று முடிந்துவிடுகின்றன. இன்றைக்கும் சரி விடுங்க என்றுதான் பேருந்து ஏறினாள். கைப்பையில் பேனாவைத் தேடினாள், இருந்தது, மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினாள். வண்டி நின்றுவிட்டால்? கையெழுத்து ஒரு நொடி வேலை. போட்டுவிட்டால் இந்தக் கேள்வி நின்றுவிடும், இரவு தூங்கலாம், ஒரு வண்டி நின்றால் இன்னொரு வண்டி, ஒருவன் வராவிட்டால் இன்னொருவன், தவறு நேர்ந்தால் கம்பெனியின் தவறு. தவறும் அவர்களுடையது. பிறகு அவளுடையது எது.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணின் தொலைபேசி மணியடித்தது. சட்டைப் பட்டையில் ஷர்மிளா என்று எழுதியிருந்தது. இருபது இருபத்திரண்டு வயதிருக்கும், இவ்வளவு நேரம் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்து வேறொரு குரலை எடுத்துப் போட்டுக்கொண்டாள், வணக்கம், அமைதிவழி உங்களை அன்புடன் வரவேற்கிறது, நான் ஷர்மிளா, இன்று உங்களுக்கு எவ்வாறு உதவலாம். மறுமுனையில் ஓர் ஆண்குரல், சொற்கள் கேட்கவில்லை, ஆனால் குமுதவல்லிக்கு அந்தக் குரலைத் தெரியும், எல்லாருடைய குரலும் அந்நேரத்தில் ஒன்றுதான். செத்துப்போனார் என்று சொல்ல வராது, அப்பாவுக்கு நாற்காலி வேணும் என்பார்கள், அம்மாவுக்குப் பந்தல் போடணும் என்பார்கள், சிலர் தெருவின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள், அவளும் அதற்குமேல் கேட்க மாட்டாள். இந்தப் பெண் கேட்டாள். முழுப்பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல் முகவரி, எந்த வகுப்பு. மறுமுனை மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொல்வது, இடையில் நின்று மறுபடி தொடங்குவது, கேட்டது. பிறகு ஷர்மிளா, எங்களைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி, மீண்டும் உங்களுக்குச் சேவை செய்யக் காத்திருக்கிறோம் என்று சொல்லி வைத்தாள். வைத்தபின் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

குமுதவல்லிக்கு முதலில் காதில் சரியாக விழவில்லையோ என்றிருந்தது. விழுந்தது. சாவு வீட்டுக்கு வருகிறவரை வாருங்கள் என்று யாரும் அழைப்பதில்லை, போகிறவர் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதில்லை, பேசாமல் எழுந்து பேசாமல் போய்விட வேண்டும். திரும்பி வருகிறேன் என்று அந்த வாசலில் சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகும், இதைப் பச்சைப்பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஐஸ் பெட்டி வாடகைக்குப் பேரம் பேசினானே அந்தப் பாவி, அவன்கூடச் சொல்லிக்கொள்ளாமல்தான் போனான். மீண்டும் சேவை செய்யக் காத்திருக்கிறோம். அந்த வீட்டில் இன்னும் யார் மிச்சம் என்று பார்த்துக்கொண்டு காத்திருக்கிறோம். அவள் எழுந்து மேசையருகே போனாள்.

"ஏம்மா, அந்தக் கடைசியில சொன்னியே, அது நீயா சொல்றதா, சொல்லச் சொல்லியிருக்காங்களா?"

"ரெக்கார்ட் ஆகுதுக்கா. சொல்லலைன்னா மார்க் குறைச்சிடுவாங்க." குரல் தணிந்தது. "மொத மாசம் சொல்லாம இருந்து பாத்தேன். சம்பளத்துல பிடிச்சிட்டாங்க. இப்ப எங்க பெரியப்பா தவறினப்பகூட, போன்ல எங்கண்ணன்கிட்ட வாய் தவறி அதையே சொல்லிட்டேன். இன்னும் அவன் என்னோட பேசலை."

அதற்குள் மேலாளர் அழைத்துவிட்டார். நிரஞ்சன் என்று பெயர், இளைஞர், பணிவானவர், உட்காரச் சொன்னார், காக்கவைத்ததற்கு வருந்தினார், காகிதங்களைத் திருப்பிக் கையெழுத்துக்குரிய இடங்களில் சின்னச் சின்ன மஞ்சள் ஒட்டுகளை அவரே ஒட்டியிருந்தார். அவ்வொழுங்கு அவளுக்குப் பிடித்தது, அந்நேரத்திலும் பிடித்தது, அதுதான் வேடிக்கை. தொலைபேசியில் கடைசியாகச் சொல்லும் வாக்கியத்தை இலால்குடிக் கிளைக்கு மட்டும் எடுத்துவிட்டால் எல்லா மஞ்சளிலும் கையெழுத்துப் போடுவதாக அவள் சொன்னாள். அவர் முகம் சுளிக்கவில்லை. எல்லா மாநிலத்துக்கும் ஒரே வாக்கியம், பெங்களூரில் எழுதி மொழிபெயர்த்தது, ஒரு கிளையில் மாற்றினால் மற்றவர்களும் கேட்பார்கள், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதுதான் பிராண்ட் என்று விளக்கினார். சற்று யோசித்துவிட்டு, வேணும்னா கொஞ்சம் மெதுவா சொல்லச் சொல்லுங்க மேடம் என்று வழியும் காட்டினார். மெதுவாகச் சொன்னால் யாருக்குக் கேட்காது, வீட்டாருக்கா, எமனுக்கா என்று அவள் கேட்டதற்கு அவர் உண்மையாகவே சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்காகக் கொஞ்சம் கூசினார்.

"சாவு விழுந்த வீட்டுல போய், திரும்ப வரோம்னு என் வாயால சொல்ல மாட்டேன் தம்பி. என்கிட்ட வேலை பாக்குற யாரையும் சொல்ல விடவும் மாட்டேன்."

"புரியுது மேடம். ஆனா தனியா ஆரம்பிச்சா தனியாத்தான் நிக்கணும். பாடியோட வண்டி நடுரோட்டுல நின்னுடுச்சுன்னா, உங்களுக்கு யார் வருவா?"

காலையிலிருந்து குறுக்கே நின்ற அதே கேள்வி, இன்னொருவர் வாயிலிருந்து, மேசைக்கு எதிர்ப்புறத்திலிருந்து வந்தது. உள்ளே இருந்தவரை பூதாகாரமாக இருந்தது, வெளியே வந்ததும் ஒரு மனிதன் கேட்கும் கேள்வியளவுக்கு ஆகிவிட்டது.

"தெரியலை. யாராச்சும் வராங்களா பாக்கணும். வரலைன்னா அந்த வீட்டு ஆளுங்களோட நானும் ரோட்டுல நிப்பேன். தமிழுக்கு ஒண்ணை அழுத்துங்க, புகாருக்கு ரெண்டை அழுத்துங்கன்னு கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன்."

பேனாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். கதவருகே, போய்வருகிறேன் என்று சொல்லும் பழக்கம் நாக்கின் நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டாள். வரவேற்பு மேசையைக் கடந்தபோது ஷர்மிளா தலையை நிமிர்த்தினாள். வெளியே தில்லைநகர் வெயில் முகத்தில் அறைந்தது, நன்றாக இருந்தது, கைகால் மறுபடி தன்னுடையவை ஆனதுபோல் இருந்தது. சபாபதியிடம் என்ன சொல்வது என்று பேருந்து நிறுத்தம்வரை யோசித்தாள், சரி விடுங்க என்று மட்டும் சொல்லப்போவதில்லை என்பது உறுதியாயிற்று, வாக்கியங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டாள், பேருந்து வந்தபோது முதல் வாக்கியம் முழுசாக இருந்தது. உங்க பேரு வேண்டாம்னா பரவாயில்லைங்க, என் பேரைப் போட்டுக்கறேன்.

பின்னர் முடிவானவை இவை. முன்பதிவுக்காக ஏற்கெனவே கட்டியிருந்த முன்பணத்தில் ஒரு பகுதியைக் கம்பெனி பிடித்துக்கொண்டது. அது அவர்கள் விதிப்படி சரியே, அவள் வழக்காடவில்லை. மண்ணச்சநல்லூரில் தனியாக வண்டி ஓட்டும் அக்பர் பாஷாவும் அவளும், ஒருவர் வண்டி நின்றால் மற்றவர் வருவதென்று வாய்ப்பேச்சாக ஒப்புக்கொண்டனர். அவள் வண்டி ஒருமுறை நின்றது, வாளாடிக்கு அப்பால். பாஷா வருவதற்குத் தாமதமாயிற்று. அதுவரை அவள் சாலையில் நின்றாள், திட்டும் வாங்கினாள். கம்பெனி அதே கடைவீதியில் வேறொருவருக்குக் கிளை கொடுத்தது. அதுவும் நன்றாகவே நடக்கிறது. ஷர்மிளா அங்கிருந்து விலகி ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள்; மீண்டும் வருக என்று அங்கே சொல்வதில் அவளுக்குத் தடையில்லை. நீல நாற்காலி, சிவப்பு நாற்காலி என்னும் பிரிவு எடுக்கப்பட்டது, எல்லாம் பச்சை. அபிநயாவுக்குத் துறையூரிலிருந்து வந்த வரன் பலகையைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமலே நின்றுபோயிற்று. அதைப் பற்றித் தாய் கடைசியில் கேட்டேவிட்டாள். பலகையைப் பாத்துட்டு ஓடுறவன் என்னைப் பாத்துட்டு மட்டும் நிப்பானாம்மா என்றாள் அபிநயா, சிரிக்காமல். பலகையைத் தன் கையால் மாட்டுவதில்லை என்று சபாபதி சொல்லியிருந்தார். சொன்னபடி அவர் மாட்டவில்லை. 'குமுதவல்லி, இறுதிச் சடங்கு ஏற்பாடுகள், இலால்குடி' என்னும் பலகையைக் குமுதவல்லியே ஏணியில் ஏறி ஆணியடித்து மாட்டினாள். கடைவீதி பார்த்துக்கொண்டிருந்தது. ஏணி ஆடாமல் கீழே நின்று பிடித்துக்கொண்டிருந்தவர் சபாபதி.